முழங்கால் அளவுத் தண்ணீர்

ஜூலை 18

இந்த டைரியில் இன்றைய தேதிக்கு நேரே வியாழக்கிழமை என்று அச்சடித்திருக்கிறது. உண்மையில் இன்று வெள்ளி. டைரி 2019-ஆம் வருஷத்தது, ஏதோ உரக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது. தேதி சரியாக இருந்தால் போதும், கிழமையை நாம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

என் அக்கா மகள் செண்பகவல்லிதான் இதைக் கையில் கொடுத்தாள். சினிமாவில் அவள் பெயர் வல்லி. ஒன்பது வருஷம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு இப்போது முதல் படம் எடுக்கப் போகிறாள். கதை டிஸ்கஷனில் எனக்குத் தோன்றுவதையெல்லாம் உடனுக்குடன் சொல்லாமல் இதில் எழுதி வைக்கச் சொன்னாள். நான் சொல்வது காற்றோடு போய்விடக் கூடாது என்கிற அக்கறை.

என்னை அவள் சென்னைக்கு வரவழைத்ததே நான் இல்லாமல் படம் நகராது என்பதால்தான். போனில் அவள் சொன்ன வார்த்தை, "மாமா, ஒரு பத்து நாள் வந்து இருங்க, சில விஷயம் கேக்கணும்." அதன் பொருள் அதுதானே.

பெயர் பூவலிங்கம். ஊர் கோவில்பட்டிப் பக்கம். வயது ஐம்பத்தெட்டு, பார்த்தால் நாற்பத்தைந்துதான் சொல்வார்கள். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. அந்தக் காலத்து ஒன்பதாம் வகுப்பு இந்தக் காலத்து பி.ஏ.வுக்குக் கொஞ்சம் மேலே. சினிமா அனுபவம் நாற்பத்தைந்து வருஷம். அதாவது பதின்மூன்று வயதில் டூரிங் டாக்கீஸ் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்கத் தொடங்கினேன். பாட்டுகளுக்கு முன்னால் கதைச்சுருக்கம் போட்டிருப்பார்கள். நாயகி கிணற்றடியில் தனியாக நிற்கிறாள், வில்லன் பின்னால் வருகிறான், என்ன ஆயிற்று? அந்த இடத்தில் நிறுத்தி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்துவிடுவார்கள். நான் அதை வாசலில் நின்று உரக்கப் படிப்பேன். என் குரலில் மயங்கி டிக்கெட் எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மீதி என்னவென்று எனக்கு மட்டும் தெரியாது. என்னை உள்ளே விடமாட்டார்கள்.

ஜூலை 19

சாலிகிராமத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. நான் ஒரே மூச்சில் ஏறினேன். இடையில் இரண்டு இடத்தில் நின்றது தெருவைப் பார்ப்பதற்காக.

சுவர் முழுக்க அட்டை ஒட்டியிருக்கிறார்கள். ஓர் அட்டைக்கு ஒரு சீன், மொத்தம் அறுபத்திரண்டு. அறையில் வல்லி தவிர இரண்டு பேர். ஒருவர் ஜெயசீலன், நாகர்கோவில்காரர், கோ-டைரக்டர். கதையில் ஓட்டை கண்டுபிடிப்பது இவர் தொழில். "லாஜிக் இடிக்குதே" என்று இவர் சொன்னால் ஓர் அட்டை சுவரை விட்டு இறங்கும். இன்னொருத்தி நஸ்ரின், வாணியம்பாடிப் பெண், கன்டினியூட்டி பார்ப்பவள். ஒரு ஷாட்டில் கதாநாயகன் சட்டையில் மூன்று பொத்தான் போட்டிருந்தால் அடுத்த ஷாட்டிலும் மூன்றுதானா என்று பார்க்கிற வேலை. முதல் நாளே, நான் காலையில் சொன்ன கதையில் பச்சையாக இருந்த சைக்கிள் மாலையில் சொன்னபோது கறுப்பாகிவிட்டது என்று குறித்து வைத்திருந்தாள். கெட்டிக்காரி. ஆனால் கதை கேட்கத் தெரியாது.

படத்தின் கதை என் அத்தான் சங்கரபாண்டியின் கதை. வல்லியின் அப்பா. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். 1997 மழையில் எங்கள் ஊர்க் கல்லோடைத் தரைப்பாலத்தில் வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போய்விட்டது. வல்லிக்கு அப்போது ஐந்து வயது.

தயாரிப்பாளருக்கு எல்லாம் பிடித்திருக்கிறதாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்: அந்த ஓடைக்கரையில் பிறந்து வளர்ந்தவன் அவ்வளவு வெள்ளத்தில் ஏன் இறங்கினான்? பதில் கிடைத்தால் ஆவணி முதல் தேதி பூஜை. கிடைக்காவிட்டால் வல்லி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். ஆடியில் யாரும் எதையும் தொடங்குவதில்லை என்பதால் ஒரு மாதம் கிடைத்திருக்கிறது.

பதில் என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன்.

ஜூலை 21

இன்று கதை சொன்னேன். மூன்று பேரும் மூச்சு விடவில்லை. ஃபேன்கூட நின்றுவிட்டது. கரண்ட் போயிருந்தது.

அக்காவுக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி டவுன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். ஊருக்கும் டவுனுக்கும் நடுவில் கல்லோடை. மூன்று நாளாக விடாத மழை. காலையில் அத்தான் தன் கையாலேயே கஞ்சி காய்ச்சினார். பசு நெய், சீரகம், வறுத்த முந்திரி, வாசம் நாலு தெருவுக்கு அடிக்கிறது. அதைத் தூக்குச்சட்டியில் ஊற்றி என்னிடம் கொடுத்தார். நான் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மதியம் திரும்பிவிட்டேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் அத்தான் சைக்கிளில் அக்காவைப் பார்க்கக் கிளம்பினார். பாலத்தின் மேல் வெள்ளம். நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழு பேர் மாட்டிக்கொண்டு கதறுகிறார்கள். சைக்கிளைப் போட்டார், குதித்தார். ஒவ்வொரு பிள்ளையாகத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார். ஒன்பதாவது பிள்ளையைத் தூக்கும்போது...

அங்கே நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்றேன்.

ஏழா ஒன்பதா என்று நஸ்ரின் கேட்டாள். மூன்று நாள் மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருப்பார்களே என்று ஜெயசீலன் கேட்டார். அது ரொம்பக் கண்டிப்பான பள்ளிக்கூடம் என்றேன். பிழைத்த பிள்ளைகளைப் போய்ப் பார்க்கலாமா என்றார். எல்லாரும் பம்பாய்க்குப் போய்விட்டார்கள்.

வல்லி எதுவும் கேட்கவில்லை. இந்தக் கதையை அவள் ஐந்து வயதிலிருந்து என் வாயால் கேட்கிறாள். ஏழாம் வகுப்பில் இதைக் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கினாள். பரிசு ஒரு சோப்பு டப்பா. இன்னும் வைத்திருக்கிறாள்.

ஜூலை 22

துணி துவைத்தேன். இங்கே தண்ணீரில் நுரை வருவதில்லை. "குழந்தைங்களைக் காப்பாத்துறது" அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். நூறு படத்தில் பார்த்தது என்று தயாரிப்பாளர் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஜூலை 24

ஆடி அமாவாசை. அக்கா போன் செய்தாள். அத்தானுக்குப் படையல் போட்டாளாம். வல்லி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உப்புமா கிண்டினாள். உப்புப் போட்டாயா என்று அக்கா அங்கிருந்தே கேட்டாள். வல்லி மறந்திருந்தாள். அக்கா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"அப்பன மாதிரியே பெத்திருக்கேன். அவரும் அடுப்படிக்குப் போனா உப்புத்தான் முதல்ல மறப்பாரு. இன்னைக்குப் படையல்லகூட ஒரு கிண்ணம் உப்பில்லாமத்தான் வச்சேன். உப்பு இருந்தா நம்ம வீடுதானான்னு அவருக்குச் சந்தேகம் வந்துரும்."

அக்காவுக்கு இப்போது அறுபத்துநான்கு. அத்தான் போனபின் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி எவ்வளவோ பேர் கேட்டார்கள். அவள் என்னைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். நானும் அவளுக்குத் துணையாக இருப்பதற்காகவே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் தரத் தயாராக இருந்தவர்கள் குறைந்தது இருபது பேர்.

ஜூலை 28

இன்று டிஸ்கஷன் கொஞ்சம் நீண்டுவிட்டது.

நஸ்ரின் நோட்டைப் புரட்டிக்கொண்டே, காலையில் கஞ்சி கொண்டுபோனபோது நானும் அந்தப் பாலத்தில்தானே போய் வந்திருக்க வேண்டும் என்று கேட்டாள். ஆமாம், ஆனால் அப்போது தண்ணீரே இல்லை, மதியத்துக்குமேல்தான் மழை பிடித்தது என்றேன். இருபத்தோராம் தேதி மூன்று நாள் விடாத மழை என்று சொன்னதாகக் காட்டினாள். என் வார்த்தையை அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். கோர்ட்டில் குமாஸ்தாவாகப் போயிருக்கலாம்.

ஜெயசீலன் அதைக் கவனிக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார்.

"நான் ஒண்ணு சொல்லட்டா வல்லி? இவன் ஓடைய அறிஞ்சவன். தண்ணி எவ்வளவுன்னு கண்ணால பாத்து இறங்கல, காதால கேட்டு இறங்கியிருக்கான். யாரோ ஒருத்தன் முன்னாடியே வந்து, இப்பத்தான் கடந்து வந்தேன், முழங்கால் அளவுதான்னு சொல்லியிருக்கணும். அவன் இல்லாம இந்தச் சீன் நிக்காது."

வல்லி தலையை நிமிர்த்தினாள். அது வில்லனா என்று நஸ்ரின் கேட்டாள். வில்லன் சொன்னால் நம்ப மாட்டான் என்றார் ஜெயசீலன். நம்புகிற ஆள் சொல்லியிருக்க வேண்டும். கூட்டாளி இல்லையென்றால் சொந்தக்காரன்.

"பொண்டாட்டியோட தம்பி மாதிரி ஒருத்தன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாமா, சும்மா ஒரு பேச்சுக்கு."

நானும் சிரித்தேன். அந்த மாதிரி ஒரு கேரக்டர் தேவையே இல்லை, படத்தின் வேகம் குறைந்துவிடும் என்று என் அனுபவத்தைச் சொன்னேன். வல்லி ஒரு வெள்ளை அட்டையை எடுத்து "முழங்கால் அளவு" என்று எழுதி, இடம் காலியாக இருந்த நாற்பத்தோராவது சீனில் ஒட்டினாள்.

ஜூலை 29

வயிறு சரியில்லை. டிஸ்கஷனுக்குப் போகவில்லை.

ஜூலை 30

வயிறு இன்னும் சரியில்லை. மதியம் பிரியாணி சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 1

அத்தான் தண்ணீரில் இறங்கியதற்கு வேறு காரணங்கள் யோசித்து வந்தேன். ஒன்று, பின்னால் வெறிநாய் துரத்தியது. இரண்டு, எதிர்க்கரையில் அக்காவின் குரல் கேட்டது, அது பிரமை. மூன்று, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அடியாள் அனுப்பினார். நான்கு, தண்ணீரில் தங்கக்கொலுசு ஒன்று மிதந்து வந்தது.

தங்கம் மிதக்காது என்றாள் நஸ்ரின்.

ஒவ்வொன்றையும் ஜெயசீலன் மரியாதையாகக் கேட்டு மரியாதையாகவே தள்ளிவிட்டார். "மாமா, நீங்க சொல்றதுல ஒவ்வொண்ணுலயும் வெளியிலேருந்து ஒண்ணு வந்து கதைய முடிச்சு வைக்குது. நமக்கு உள்ளேருந்து வரணும்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன். அது நான் அவருக்கு முன்பே சொன்ன கருத்துதான்.

ஆகஸ்ட் 4

இன்று எனக்குக் கைதட்டல் கிடைத்தது. விவரமாக எழுத வேண்டும்.

நாற்பத்தோராவது சீனை நடித்துப் பார்த்தார்கள். ஜெயசீலன்தான் அந்த ஆள். நஸ்ரினுக்கு ஒரு சந்தேகம். ஓடையில் உண்மையில் நெஞ்சளவு தண்ணீர். அவன் கடக்கவே இல்லை. ஆனால் வந்து முழங்கால் அளவு என்று சொல்கிறான். கதாநாயகன் அவன் வேட்டியைப் பார்க்க மாட்டானா? வேட்டி காய்ந்திருந்தால் அங்கேயே பொய் வெளியாகிவிடுமே.

அப்படியானால் வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்திருக்க வேண்டும் என்றாள் வல்லி. எப்படி நனைந்தது?

ஜெயசீலன் யோசித்து, அறை நடுவில் விரித்திருந்த நீலப் பாயை ஓடை என்று வைத்துக்கொண்டு, ஓரத்தில் இரண்டு எட்டு உள்ளே இறங்கி நின்றார். பிறகு வெளியே வந்தார். இப்படித்தான் நனைந்திருக்கும் என்றார்.

ஒரு காட்சியைத் தப்பாகச் செய்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டைரி, எழுதுவது எல்லாம் மறந்துவிட்டது.

"இல்ல தம்பி. அவன் தண்ணியில கால் வைக்க மாட்டான். அந்த இழுப்பைக் கண்ணால பாத்தவன் ஓரத்துலகூட நிக்க மாட்டான். கரையில குத்தவச்சு, தூக்குச்சட்டி மூடி இருக்குல்லா, அதால எட்டி மொண்டு மொண்டு வேட்டியில ஊத்திக்குவான். முதல்ல இடது கால். பெறகு வலது கால். எந்திரிச்சு நின்னு ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல இருக்கான்னு பாப்பான். வலது பக்கம் ஒரு விரக்கடை கொறையும். மறுபடி உக்காந்து இன்னொரு மூடி ஊத்துவான்."

டிபன் கேரியர் மூடியை எடுத்து நானே செய்து காட்டினேன். குத்தவைப்பது, எட்டுவது, ஊற்றுவது, எழுந்து பார்ப்பது. ஜெயசீலன் முதலில் கைதட்டினார். "மாமா, பத்து வருஷத்துல இப்படி ஒரு சீன் கேட்டதில்ல. அந்த வலது பக்கம் ஒரு விரக்கடை... அதெல்லாம் எங்கேருந்து வருது உங்களுக்கு?"

கற்பனை என்றேன். பிறவியிலேயே இருக்கிறது.

நஸ்ரினும் தட்டினாள். வல்லி தட்டவில்லை. டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாலு கிளாஸ் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 5

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் வல்லி அவள் அம்மாவுடன் போனில் பேசினாள். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. காற்று என் பக்கமாக அடித்தது.

"அம்மா, அப்பா போன அன்னைக்கு உனக்குக் கஞ்சி வந்துச்சா?"

பிறகு ரொம்ப நேரம் அவள் பேசவில்லை. சிக்னல் கோளாறாக இருக்கும்.

கடைசியில் "சரிம்மா" என்றாள். என்னைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். நான் கையிலிருந்த துண்டை உதறினேன். நின்றாள்.

"மாமா, அந்தத் தூக்குச்சட்டி மூடி அலுமினியமா, எவர்சில்வரா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு டைரக்டர் கேட்கிறாள், தப்பாகச் சொன்னால் கன்டினியூட்டி போய்விடும்.

"எவர்சில்வர். உங்கம்மா கல்யாணத்துக்குச் சீராக் குடுத்தது. மூடியில பேரு வெட்டியிருக்கும்."

சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஆகஸ்ட் 6

எனக்கு ஊருக்கு டிக்கெட் போடலாம் என்று சொன்னேன். பதினொன்றாம் தேதி தயாரிப்பாளரிடம் கதை சொல்லி முடித்தபிறகு போகலாம் என்றாள் வல்லி. தட்டில் சோறு வழக்கம்போல் வைத்தாள். குழம்பை மட்டும் நானே ஊற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8

அந்தச் சீனை எங்கே வைப்பது என்பதுதான் இன்றைய டிஸ்கஷன்.

கதாநாயகன் செத்தபிறகு ஃபிளாஷ்பேக்கில் காட்டினால் ஆடியன்ஸ் திடுக்கிடும் என்றாள் நஸ்ரின். ஜெயசீலன் முன்னாலேயே காட்டிவிட வேண்டும் என்றார். அந்த ஆள் மூடியால் தண்ணீர் மொண்டு ஊற்றும்போது தியேட்டர் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கதாநாயகன் சைக்கிளை எடுப்பான். தண்ணீர் எவ்வளவு என்று தியேட்டரில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது.

"சிரிச்சவங்க எல்லாரும் மாட்டிக்குவாங்க" என்றாள் வல்லி. "முன்னாடியே வைப்போம்."

அறுபத்திரண்டு அட்டையையும் மாற்றி ஒட்டினார்கள். நானும் ஒட்டினேன். உயரமான இடங்களுக்கு என்னைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஜெயசீலன் ஒட்டிக்கொண்டே கேட்டார். "மாமா, இந்த ஆளு எதுக்குப் பொய் சொல்லணும்? பயந்துட்டேன், திரும்பிட்டேன்னு சொல்லிட்டுப் போலாமே."

"ஊருக்குள்ள அவன் ரொம்பத் தைரியசாலின்னு பேரு, தம்பி."

"யாரு குடுத்த பேரு?"

"அவனேதான்."

"சரி. இவனுக்கு அப்புறம் என்ன ஆவுது? தூக்குல தொங்குறானா, பைத்தியமாயிடுறானா? ஏதாச்சும் ஒண்ணு வேணும்."

நான் பசையைத் தடவிக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் ஆகல தம்பி. அந்த அக்கா வீட்டுலயே சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்."

ஜெயசீலன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு வல்லியைப் பார்த்தார். வல்லி ஏணியில் நின்றபடி அடுத்த அட்டையைக் கேட்டாள். அதற்குப்பிறகு ஜெயசீலன் இன்று லாஜிக் பற்றி எதுவும் பேசவில்லை.

ஆகஸ்ட் 11

தயாரிப்பாளர் ஆபீஸ். ஏ.சி. குளிரில் என் காது அடைத்துக்கொண்டது. மனிதர் நல்ல பருமன், கதை கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், தூங்குகிறாரா என்று தெரியாது. வல்லி ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் சொன்னாள். அவளுக்குச் சொல்லும் திறமை என் பக்கத்து ரத்தம்.

நாற்பத்தோராவது சீன் வந்ததும் நின்றுவிட்டாள். தண்ணீர் குடித்தாள். "இத மட்டும் எங்க மாமா சொல்லுவாங்க சார்" என்றாள்.

முன்கூட்டி என்னிடம் சொல்லவில்லை. எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன். மனதில் எத்தனையோ வந்தது. இடி, மின்னல், ஓடையில் அடித்துவந்த ஆலமரம். வல்லி என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடுதலாக எதையும் போடாமல் சொன்னேன். கரை, குத்தவைத்தது, மூடி, இரண்டு கால், ஒரு விரக்கடை. அவன் திரும்பி வந்து, கஞ்சி கொடுத்தாயிற்று, தண்ணீர் முழங்கால் அளவுதான் என்று சொன்னது. அந்த மனிதன் அவன் வேட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "சரி மாப்ளே, அப்ப சாயங்காலம் நான் போயிட்டு வந்துடுறேன்" என்று சொன்னது.

அங்கே நிறுத்தினேன். எப்போதும் நிறுத்துகிற மாதிரியான இடம்.

தயாரிப்பாளர் கண்ணைத் திறக்கவில்லை. "அப்புறம்?" என்றார்.

நாற்பத்தைந்து வருஷத்தில் அந்த இடத்துக்குப் பிறகு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"மூணாம் நாள் ஆலமரத்துத் திருப்பத்துல கெடச்சாரு. பாடைக்கு அவன்தான் முன்பக்கம் தோள் குடுத்தான். அஞ்சு வயசுப் புள்ள ஒண்ணு, எங்கப்பா ஏன் தண்ணிக்குள்ள போனாருன்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. யாரும் பதில் சொல்லல. அவன்தான் அதைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, உங்கப்பா ஏழு புள்ளைங்களக் காப்பாத்தப் போனாருன்னு சொன்னான். அதுதான் முதல் தடவை. புள்ள அழுகைய நிப்பாட்டிருச்சு. அதனால மறுநாளும் சொன்னான். பெறகு சொல்லிக்கிட்டே இருந்தான்."

வல்லி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடினாள். மூடிய பாட்டிலை மறுபடி திறந்து மறுபடி மூடினாள்.

தயாரிப்பாளர் கண்ணைத் திறந்தார். ஆவணி ஒன்றாம் தேதி காலை பூஜை என்றார்.

ஆகஸ்ட் 14

எழும்பூருக்கு வல்லி வந்தாள். என் பையைத் தூக்க விடவில்லை, அவளே தூக்கினாள். எனக்குத் தளர்ச்சி என்பதற்காக இல்லை, மரியாதை. அப்படித்தான் முதலில் எழுதினேன். என்னைப் பார்க்காமல் முன்னால் நடப்பதற்காக என்றும் இருக்கலாம்.

ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னாள்: "நான் கோவமாத்தான் இருக்கேன் மாமா. படம் முடியிற வரைக்கும் இது எனக்குச் சீன். முடிஞ்சப்புறம் எனக்கு எப்படி இருக்குன்னு தெரியல. அப்பப் பேசுறேன்."

சரி தாயி என்றேன்.

"அம்மாகிட்ட நீங்க சொல்லிருங்க. அம்மா தியேட்டர்ல உக்காந்து இதப் பாக்கக் கூடாது."

"கஞ்சி வரலன்னு அவளுக்குத் தெரியுமே."

"தெரியும். இருபத்தெட்டு வருஷமாத் தெரியும். இருந்தாலும் நீங்க சொல்லணும்."

ரயில் நகர்ந்தது. கையை ஆட்டினாளா என்று கவனிக்கவில்லை. ஆட்டவில்லை.

ஆகஸ்ட் 17

ஆவணி ஒன்று. பூஜை போட்டோ வல்லி அனுப்பியிருந்தாள். கேமராவுக்கு மாலை, வல்லி நெற்றியில் பெரிய குங்குமம். அக்காவிடம் காட்டினேன். பெரிதாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள்.

அடுப்படியில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். ஓடை வரைக்கும் போனது, பயந்தது, மூடி, வேட்டி, அத்தானிடம் சொன்னது. எவ்வளவோ நேரம் ஆகும் என்று நினைத்திருந்தேன். இருபத்தெட்டு வருஷம் வைத்திருந்தது, சொன்னால் ஐந்து நிமிஷம்கூட வரவில்லை.

அக்கா பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்லே. அன்னைக்குப் பூரா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். கஞ்சி வரல. சாயங்காலம் அவரும் வரல. நீ முழங்கால் அளவுன்னு சொன்னதா மறுநா பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. ரெண்டையும் கூட்டிப் பாத்துக்கிட்டேன்."

"ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா நீயும் அந்த ஓடைக்குத்தான் போயிருப்ப. புள்ளைக்கு அப்பன்தான் இல்ல, மாமனாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஒரு கல்லை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்தாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியல. கஞ்சிய என்னலே செஞ்ச?"

"குடிச்சிட்டேன்."

"பூராவுமா?"

"மூடி வேணும்னு தொறந்தேன். பசிச்சுச்சு. பூராவும் குடிச்சிட்டேன்."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். எனக்காக அவர் காய்ச்சின கடைசிக் கஞ்சி, எனக்கு அதன் ருசி தெரியாது, உனக்குத்தான் தெரியும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பால்காரரிடம் கணக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நெய்யி, முந்திரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுத. நெசமா எப்படிலே இருந்துச்சு? உப்புப் போட்டிருந்தாரா?"

என் வாயில் சீரகம் வந்தது, பசு நெய் வந்தது, ஏலக்காய்கூட வந்தது.

"நெய்யும் இல்ல, முந்திரியும் இல்லக்கா. வெறும் நொய்க்கஞ்சி. உப்பும் இல்ல."

அக்கா முதலில் சிரித்தாள். ஆடி அமாவாசையன்று போனில் சிரித்தாளே, அதே சிரிப்பு. பிறகு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் ரொம்ப நேரம் குலுங்கியது.

"மறந்துட்டாரு, பாத்தியாலே" என்றாள்.